நீட்டாத கை

ஹாஜா கமாரியா கையை நீட்டவே இல்லை. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போது மாட்டியவர்களிடமெல்லாம் சொன்னேன். குர்ஆனைத் தலையில் ஏந்திச் சத்தியம் செய் என்றால் அதையும் செய்திருப்பேன். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

நடந்தது என் மகள் ரோஸ்லிண்டாவின் நிச்சயதார்த்தத்தன்று. கமாரியா மாப்பிள்ளை ஃபைருஸின் தாய். மக்காவுக்குப் போய் வந்து ஹாஜா ஆனவர், ஜூரோங்கில் இரண்டடுக்கு வீடு, பேச்சில் எப்போதும் ஒரு நிதானம். அந்த நிதானம்தான் எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. நிதானமாகப் பேசுகிறவர்கள் எதையோ உள்ளே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். தெலோக் பிளாங்காவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு முதல்முறை வந்தபோது கூரையை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு அங்கே ஒரு கறையாக இறங்கியிருக்கிறது. அவர் அதைப் பார்த்தார், அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

நிச்சயத்தன்று நாற்காலி மேசைகளைத் தாழ்வாரத்தில் தள்ளிவிட்டுக் கூடம் முழுக்கப் பாய் விரித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வெற்றிலை, மோதிரம், துணி, கேக் என்று அலங்காரத் தட்டுகளைச் சுமந்து வந்தார்கள். கமாரியா என் மகள் விரலில் மோதிரம் போட்டார். நெய்ச்சோறும் ரெண்டாங் இறைச்சியும் போதாமல் போகுமோ என்று நான் பதறிக்கொண்டிருந்தேன், தாராளமாகவே இருந்தது. நான் மாவு மடித்துப் பொரித்து வைத்த கறிப்பாப்பில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

பிறகு புறப்படும் நேரம் வந்தது. எங்கள் மலாய்ப் பெண்கள் ஒருவர் விடாமல் கை தொட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்கள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார்கள், நாம் இரண்டு கையாலும் பட்டும் படாமலும் தொட்டு, அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வோம். நீட்டிய கையைத் தொடாமல் விடுவதும் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். நான் சமையலறை வாசலில் நின்று வருகிறவர்களின் கையையெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தேன். கமாரியாவுக்காகக் காத்திருந்தேன். பார்த்தால் அவர் முதுகு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

சம்பந்தி அம்மாள் என்னிடம் கை கொடுக்காமல் போய்விட்டார். துரத்திப்போய் ஏன் என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் லிண்டா வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்றாள்.

"மா, ஃபைருஸோட அம்மா அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதாங்களாம்."

"அவங்க எதுக்கு அழறாங்க?"

"நீங்க கையைத் தொடலையாம். அத்தனை பேருக்கு நடுவுல ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னாங்களாம். நீங்க அவங்க பக்கம் திரும்பக்கூட இல்லையாம்."

"நீட்டினாத்தானே தொடறதுக்கு."

"அவங்க அக்கா, தங்கச்சி எல்லாரும் பாத்தாங்களாம் மா."

"அவங்க அக்கா தங்கச்சி அவங்களுக்குத்தான் சாட்சி சொல்லுவாங்க. எனக்கா சொல்லுவாங்க?"

லிண்டா உட்கார்ந்துவிட்டாள். என்ன கேட்கிறார்கள் என்று சொன்னாள். நான் ஜூரோங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால்தான் கல்யாணத் தேதி பேச்சு. ஃபைருஸ் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன், தாயை அழ வைத்துவிட்டு ஒரு பெண்ணைக் கட்டமாட்டான். "மா, எனக்கு அவரை விட்டா வேற யாரும் வேண்டாம்," என்றாள் லிண்டா. இருபத்தாறு வயதில் முதல்முறையாக அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு அழுதாள்.

அழட்டும், ஆனால் என் மூளை சும்மா இருக்குமா? எங்கள் வழக்கப்படி நிச்சயத்தை மாப்பிள்ளை வீட்டார் முறித்தால் கொடுத்ததெல்லாம் பெண் வீட்டுக்கே. பெண் வீட்டார் முறித்தால் வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். கமாரியாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை, அந்தக் கூரைக் கறையைப் பார்த்த அன்றே பிடிக்கவில்லை. தானாக முறித்தால் அவர்களுக்குக் கெட்ட பெயர். என்னைச் சீண்டி, நான் கோபத்தில் முறித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த நாடகம். இப்படியே கோத்துப் பார்த்தேன், எல்லாம் பொருந்தி வந்தது.

"ஸவியா, கையைத் தொட்டுட்டு வந்துடேன். என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார், நான் அபாங் என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் மிஸ்தார்.

"அபாங், நீங்க யார் பக்கம்?"

"நான் சோத்துப் பக்கம்," என்று தட்டை இழுத்துக்கொண்டார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். நாளெல்லாம் உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வருவதால் கீழே நடக்கும் எந்தச் சண்டையும் அவருக்குச் சின்னதாகத்தான் தெரியும்.

அவரிடமும் எனக்கு அப்போது சந்தேகம் இருந்தது. கொஞ்ச காலமாகவே எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஏதோ நடந்துகொண்டிருந்தது. முக்காலி இருந்த இடத்தில் இருக்காது, நான் மோதிக்கொள்வேன். "யார் நகத்தினது?" என்றால் யாரும் நகர்த்தவில்லை என்பார்கள். மேசையில் யாராவது தம்ளரை என் கை தட்டுகிற இடமாகப் பார்த்து வைப்பார்கள். என் இடது தோளில் கதவு நிலை பட்டு எப்போதும் ஒரு கன்றிய தழும்பு. மிஸ்தார் பூனை மாதிரி வந்து பக்கத்தில் நிற்பார், திடீரென்று இருமினால் எனக்கு உயிரே போய்விடும். "சத்தம் போட்டுட்டு வரக் கூடாதா?" என்றால், "இவ்வளவு நேரமா இங்கதானே நிக்கறேன்," என்பார். சந்தையிலோ கேட்கவே வேண்டாம். இடித்துவிட்டு, நான்தான் இடித்ததாக என்னையே முறைப்பார்கள். நிச்சயத்துக்குப் பிறகு, இதெல்லாம் கமாரியா வைத்த செய்வினையோ என்றுகூடத் தோன்றி, வீட்டு மூலைகளில் உப்பும் மிளகும் தூவினேன். மிஸ்தார் அதன்மேல் வழுக்கினார்.

கண் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் வரும்? நான் கறிப்பாப் செய்து விற்கிறவள். அதன் விளிம்பை நூல் பின்னியது போல மடிப்பு மடிப்பாக முறுக்க வேண்டும், என் மடிப்பைப் பார்த்தே யார் செய்தது என்று சொல்லிவிடுவார்கள். ஊசியில் முதல் தடவையிலேயே நூல் கோப்பேன். கீழே நிற்கும் பேருந்தின் எண்ணை மாடியிலிருந்து படிப்பேன். அந்தக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் கமாரியாவையும் பார்த்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். தலையில் முக்காடு, கழுத்தில் அட்டை, தோளில் பெரிய பை. பக்கத்து வீட்டுச் சீன மேடம் கோவின் கதவைத் தாண்டி நேராக என் கம்பிக் கதவுக்கு வந்து, என் முழுப்பெயரைச் சொல்லி, அத்தை முறையில் மக்சிக் என்றாள். அங்கேயே எனக்கு உறுத்தியது.

"என் பேரு நூர்ஷிலா, மக்சிக். கண் ஆய்வுல இருந்து வர்றோம். நாப்பது வயசு தாண்டின நம்ம மலாய்க்காரங்கள்ல எத்தனை பேருக்குக் கண்ணழுத்த நோய் இருக்குன்னு பாக்கறோம். குலுக்கல்ல உங்க பேரு வந்திருக்கு."

"குலுக்கல்ல எனக்கு இதுவரைக்கும் ஒரு துண்டுகூட விழுந்ததில்ல. இது மட்டும் விழுந்துடுச்சா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"பக்கத்து வீட்டைத் தட்டலையே. சீனங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"சீனங்களை முன்னாடியே எண்ணியாச்சு மக்சிக். நம்மளைத்தான் யாரும் எண்ணலை. நம்மள்ல எத்தனை பேருக்கு இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

பிறகு கேள்விகளை ஆரம்பித்தாள். எனக்கு என்ன வயது, எத்தனை வகுப்பு படித்தேன், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, எத்தனை அறை, சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது கண் போயிருக்கிறதா. நான் அப்படியே அவளைப் பார்த்தேன். பெண் வீட்டைப் பற்றித் துப்பு விசாரிக்க ஆள் அனுப்பினால் அந்த ஆள் கேட்பதும் இதையேதான்.

"உன்னை ஜூரோங்ல இருந்து யாராவது அனுப்பினாங்களா?"

"ஜூரோங்கா? இல்லையே மக்சிக். ஆனா நாங்க அங்கயும் போறோம்."

"போவ, போவ. போய் அவங்ககிட்ட சொல்லு. இந்த வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். கூரை மட்டும்தான் ஒழுகுது."

அவள் ஒன்றும் புரியாமல் நின்றாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே அடுத்த வாரமும் வந்து, அதே சிரிப்போடு அதே கேள்விகளைக் கேட்டாள். அன்று லிண்டா வீட்டில் இருந்தாள். நான் முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியதும், லிண்டா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"மா, அந்தப் பொண்ணு போறப்போ கை நீட்டிச்சு. கம்பிக்கு நடுவுல விட்டு, குனிஞ்சு, ரெண்டு கையையும் நீட்டிச்சு."

"நீட்டலை."

"நான் இங்கேருந்து பாத்தேன் மா."

"அப்போ நீயும் அவங்க கட்சியில சேந்துட்டே. கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே மாமியார் பாட்டைப் பாட ஆரம்பிச்சாச்சு."

லிண்டா கதவைத் திறந்தாள். தாழ்வாரத்தில் ஓடிப்போய் அந்தப் பெண்ணை நிறுத்தி ஏதோ பேசினாள். இரண்டு பேரும் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்தவள் முகம் வெளுத்திருந்தது. "அந்தக் கண் டெஸ்டுக்குப் போங்க மா," என்றாள். "எனக்காகப் போங்க. ஒருவேளை நீங்க நிஜமாவே பாக்கலையோ என்னமோ."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் ஆத்திரத்திலும் ஒரு யோசனை பளிச்சென்றது. போவோம். எல்லாச் சோதனையும் செய்யட்டும். இவளுக்குக் கண் கழுகுக் கண் என்று டாக்டர் வாயாலேயே சொல்லட்டும். அப்புறம் ஜூரோங்குக்குப் போய், என் கண்ணில் குறையில்லை, உங்கள் நாக்கில்தான் குறை என்று கமாரியா முகத்துக்கு நேராகச் சொல்கிறேன்.

அழைத்துப் போக டாக்சி அனுப்பினார்கள். இலவசமாக டாக்சி அனுப்பும் ஊரில் நான் இருந்ததில்லை, அதனால் வழியெல்லாம் ஓட்டுநரை விசாரித்துக்கொண்டே போனேன். லிண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருத்துவமனைக்குப் பின்புறக் கட்டடத்தில் நூர்ஷிலா காத்திருந்தாள். சுவரில் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொன்னாள். கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தேன். அதற்குக் கீழே பொடியாக அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தேன்.

"பாத்தியா?" என்றேன் லிண்டாவிடம்.

கண்ணில் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தை நெருக்கமாகக் கொண்டுவந்து அழுத்தம் பார்த்தார்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். அதன்பிறகு நூர்ஷிலா என்னை ஒரு இருட்டறைக்குள் கூட்டிப்போய், பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். ஒரு கண்ணை மூடினாள். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"நடுவுல தெரியற புள்ளியை மட்டும் பாருங்க மக்சிக். சுத்தி எங்கயாவது வெளிச்சம் மின்னினா இதை அமுக்குங்க. மின்னற பக்கம் கண்ணைத் திருப்பக் கூடாது."

வலது கண்ணுக்குப் பரவாயில்லை, அமுக்கிக்கொண்டிருந்தேன். இடது கண்ணுக்கு வந்ததும் ஒன்றும் நடக்கவில்லை. நடுப்புள்ளி மட்டும் இருந்தது. காத்திருந்தேன். எப்போதாவது ஒன்று புள்ளிக்குப் பக்கத்தில் மின்னும், அமுக்குவேன். பிறகு வெறும் வெள்ளை. எனக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் போடாமலே உட்கார வைத்துவிட்டு, கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று எழுதிவிடப் போகிறார்கள்.

"ஷிலா, உன் மெஷின் தூங்குது."

"இல்ல மக்சிக், ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"வெளிச்சமே வரலை. யாரு உன்னை இப்படிப் பண்ணச் சொன்னது?"

அவள் என்னை விலகச் சொன்னாள். அந்தக் கருவியில் முகத்தை வைத்துத் தானே ஒருமுறை பார்த்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி எனக்கு மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் நடுப்புள்ளியும் வெள்ளையும்தான். பிறகு என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். அந்தப் பிடியில் இருந்த மென்மைதான் என்னைப் பயமுறுத்தியது.

டாக்டர் சீனர், இளைஞர். மலாய் மெதுவாகப் பேசுவார். ஒரு தாளைக் காட்டினார். வட்டத்துக்குள் கறுப்பாக அடைத்திருந்தது, நடுவில் மட்டும் சாவித் துவாரம் போல ஒரு வெள்ளை.

"இது உங்க இடது கண்ணு, மக்சிக். நடுவுல இருக்கற இந்தத் துளி மட்டும்தான் மிச்சம். வலது கண்ணுல மூக்குப் பக்கமா ஆரம்பிச்சிருக்கு. அதனால இடது பக்கம் யாரு வந்து நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. இதுதான் கிளாக்கோமா."

"பொய். எனக்கு எங்கயும் இருட்டாத் தெரியலை. இருட்டா இருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா?"

"இருட்டாத் தெரியாது மக்சிக். அந்த இடமே இல்லாத மாதிரி ஆயிடும். வலியும் இருக்காது. அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல. இந்த ஆய்வுல நாங்க கண்டுபிடிக்கற ஆளுங்கள்ல முக்கால்வாசிக்கும் மேல அன்னிக்குத்தான் தங்களுக்கு இருக்குன்னே தெரிஞ்சுக்கறாங்க. எல்லாரும் உங்களை மாதிரிதான் சண்டை போடுவாங்க."

போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார். பிறகு லிண்டாவைப் பார்த்து, "ரத்த சொந்தத்துல வரலாம். நீங்களும் பாத்துக்கணும்," என்றார். லிண்டாவுக்கு அன்றே பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடா வருடம் வர வேண்டும் என்றார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்சியில் அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தாளை யார் வேண்டுமானாலும் கறுப்படித்துக் கொடுக்கலாமே என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தேன். மிஸ்தாரைக் காணவில்லை. "அபாங்," என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"இங்கதான் இருக்கேன்," என்று என் காதருகில் குரல் கேட்டது. திரும்பினேன். என் இடப்பக்கம், அதே சோபாவில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் வருவதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார். நான் அவரையே பார்த்தேன். முகத்தை மெதுவாக முன்பக்கம் திருப்பினேன், அவர் போய்விட்டார். மறுபடி திருப்பினேன், வந்துவிட்டார். இருட்டு எதுவும் இல்லை. சோபா இருந்தது, சுவர் இருந்தது, என் மனுஷன் மட்டும் இல்லை. முப்பது வருடம் கூட இருந்தவரைப் பார்த்துவிட்டு எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அழுது முடித்ததும் அடுத்த சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. கமாரியாவிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? என் மானம் மிஞ்சும். ஆனால் ரத்த சொந்தத்தில் வரலாம் என்று டாக்டர் சொன்னதை யார் மறைப்பது? கண் போகிற குடும்பத்தில் பெண் எடுப்பேனா, நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு வராதா என்று ஒரு தாய் கேட்டால் அதில் தப்பில்லை, நானாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன். அவருக்கு முறித்துக்கொள்ள நல்ல காரணத்தை நானே தட்டில் வைத்துக் கொடுத்தது போல ஆகிவிடும். வேண்டாம். நான் திமிர் பிடித்தவள் என்றே இருக்கட்டும். திமிர் பரம்பரை நோய் இல்லை.

"கண்ணைப் பத்தி அங்க ஒரு பேச்சு வரக் கூடாது," என்று லிண்டாவிடம் சொன்னேன். "கோபத்துல தொடலை, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா, மா?"

"அப்புறம் தெரிஞ்சா அப்புறம் பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரு பெட்டி கறிப்பாப்போடு ஜூரோங்குக்குப் போனோம். கமாரியா கதவைத் திறந்தார், உள்ளே வாங்க என்றார், கையை நீட்டினாரா இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அதற்காகவே நான் முதலில் என் இரண்டு கையையும் அவருக்கு நேராக நீட்டிவிட்டேன். தொட்டார். விரல் நுனியால் மட்டும். ஃபைருஸ் சுவரோரமாக நின்றான், என்னைப் பார்க்கவில்லை. லிண்டாவும் மிஸ்தாரும் எனக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். கமாரியா என் பக்கத்தில்தான் எங்கோ உட்கார்ந்தார்.

"ஹாஜா, அன்னிக்கு நான் உங்க கையைத் தொடலை. தப்புத்தான். ஏதோ கோபத்துல பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க," என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"என்ன கோபம்?" என்றார்.

கறிப்பாப் பெட்டியை அவர் குரல் வந்த பக்கம் தள்ளினேன்.

"ஏதோ... அன்னிக்கு வேலை அதிகம்."

"வேலை அதிகம்னா என் மேல எதுக்குக் கோபம்? முதல்ல நான் நீட்டவே இல்லைன்னு சொன்னீங்களாம். இப்ப கோபத்துல தொடலைன்னு சொல்றீங்க. எது உண்மை?" குரல் உயரவில்லை. அதே நிதானம். "இதுக்குப் பின்னாடி ஏதோ இருக்கு ஸவியா. எதையோ மறைக்கறீங்க. உங்களுக்கு என் பையனைப் பிடிக்கலையா? அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க. இந்தப் பிள்ளைங்க இன்னும் ஆசையை வளத்துக்கறதுக்கு முன்னாடி முடிச்சுக்கலாம்."

லிண்டா தலை குனிந்தாள். மடியில் இருந்த கையில் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இப்போதே யாரோ கழற்றப் போகிறார்கள் என்பது போல. என் பொய்யால் அவளுக்கு ஒரு நன்மையும் ஆகவில்லை. இனி அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"உங்க கையை நான் பாக்கலை ஹாஜா," என்றேன். "இடது பக்கம் எனக்குக் கண்ணு போயிடுச்சு. போனதே எனக்குத் தெரியாது. போன வாரம்தான் டாக்டர் சொன்னாரு. நான் கடைசி வரைக்கும் நம்பலை. நீங்க பொய் சொல்றீங்கன்னுதான் நினைச்சேன். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

கறிப்பாப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"விளிம்பை இவ்வளவு பொடியா மடிக்கிறவங்களுக்கா கண்ணு தெரியாது?"

"நேரா இருக்கறது தெரியும். பக்கத்துல இருக்கறது தெரியாது."

நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நான் லிண்டாவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். லிண்டா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள். மிஸ்தாரும் அங்கேயே பார்த்தார். லிண்டா மோதிரத்திலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன ஹாஜா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே?" என்றேன்.

அப்போது என் இடது கைமேல் ஒரு விரல் பட்டது. எங்கிருந்தோ வந்தது. தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். கமாரியா எனக்குப் பக்கத்தில், என் தோளை ஒட்டி, இரண்டு கையையும் சேர்த்து நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது.

"நீட்டி ரொம்ப நேரமாச்சு ஸவியா," என்றார்.

நான் அந்தக் கையைத் தொட்டேன். பட்டும் படாமலும் இல்லை, பிடித்துக்கொண்டேன். விட்டால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதே.

அவர் எழுந்து சுற்றி வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"இது பிள்ளைங்களுக்கு வருமா?"

"வரலாம். லிண்டாவுக்குப் பாத்தாச்சு, இப்போ ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் பாக்கணும்னாங்க. இதுக்கு மேல உங்ககிட்ட மறைக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

தப்பாக நினைத்திருப்பேன். சாகும்வரை நினைத்திருப்பேன். ஆனால் வாய் அப்படித்தான் சொன்னது.

கமாரியா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார். "எங்க அப்பா கடைசி காலத்துல சுவத்தைத் தடவிக்கிட்டேதான் நடப்பாரு," என்றார். "வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம். கண்ணுன்னு யாரும் நினைக்கலை. எங்க குடும்பத்துல மட்டும் யாரு எண்ணிப் பாத்தா?" பிறகு என் பக்கம் சாய்ந்து, மகனுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார். "கழுத்துல அட்டையைத் தொங்க விட்டுக்கிட்டு ஒரு பொண்ணு இங்கயும் வந்துச்சு. எத்தனை ரூம், என்ன வியாதி, எவ்வளவு படிப்புன்னு ஒரே கேள்வி. நீங்க அனுப்பின ஆளுன்னு நினைச்சு விரட்டிட்டேன்."

"நான் அவளை நீங்க அனுப்பினதா நினைச்சேன்."

முதலில் மிஸ்தார்தான் சிரித்தார். அப்புறம் கமாரியா, வாயைப் பொத்திக்கொண்டு.

"அவ நம்பர் இருக்கா?" என்றார் கமாரியா.

"இருக்கு. நான் கூட வரேன். மெஷினுக்குள்ள வெளிச்சம் வரலைன்னா அந்தப் பொண்ணோட சண்டை போடாதீங்க. நான் போட்டதே போதும்."

"கல்யாணத்துக்கு நாள் பாப்போம்," என்று அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். மறந்துபோய் மறுபடியும் என் இடப்பக்கமே உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒரு தாளில் நின்றது. எந்த மாதத்தில் விரலை வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு நேர் எதிரே லிண்டாவின் முகம் இருந்தது, அதை முழுதாகப் பார்த்தேன்.